ரமோன் வீட்டுக்குப் போன சைக்கிள் பாதை

செஞ்சியில் பஸ் வந்து நிற்கிற இடத்தில் என்னைப் பார்த்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். "இன்னா சவரி, சீமையெல்லாம் போய்ட்டு வந்தியே, அங்க இன்னா பார்த்த?" ஆரஞ்சுத் தோப்பு பார்த்தேன் என்பேன். சைக்கிள் ஓட்டினேன் என்பேன். இரண்டும் பொய்யில்லை. அதற்கு மேல் சொல்ல ஆரம்பித்தால் பஸ் போய்விடும், கேட்கிறவர் முகமும் மாறிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதில் வருகிறவர்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். மலைமேல் இருக்கும் அந்த ஊரின் பெயரை எழுதவே போவதில்லை. ஏன் என்று படித்தால் விளங்கும்.

நாற்பத்தெட்டாம் வருஷம் நான் ஒரு பிரெஞ்சுச் சரக்குக் கப்பலில் சமையல் எடுபிடி. புதுச்சேரியில் ஏறியவன், அப்போது இரண்டாம் வருஷம். சமையற்காரர் ரமோன் ஸ்பெயின் தேசத்துக்காரர். அவர்கள் நாட்டில் அண்ணன் தம்பிக்குள் நடந்த உள்நாட்டுச் சண்டையில் தோற்ற பக்கம் நின்றவர். மலை தாண்டி பிரான்சுக்கு ஓடிவந்து, வேறு காகிதம் வாங்கிக்கொண்டு கப்பலேறியவர். அவரிடம்தான் ஸ்பானிஷ் கற்றேன். எனக்குத் தெரிந்ததில் பாதி வெங்காயம், உப்பு, அடுப்பு. மீதி வசவு.

சித்திரை மாதம் கப்பல் வலேன்சியா துறைமுகத்துக்கு ஆரஞ்சு ஏற்றப் போனது. இயந்திரம் பழுதாகி ஒரு வாரம் நின்றது. எல்லோரும் கரையில் இறங்கினார்கள். ரமோன் மட்டும் அடுப்பை விட்டு நகரவில்லை. வட்ட ஜன்னல் வழியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொந்த மண் முப்பது கஜத்தில் இருந்தது. அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"சவரி, உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"இங்கிருந்து சைக்கிளில் போனால் மூன்றாம் நாள் எங்கள் ஊர். என் அம்மாவிடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கடிதம் தரமாட்டேன். கடிதம் பிடிபட்டால் உனக்கும் ஆபத்து, அவர்களுக்கும் ஆபத்து. வாயால் சொல். ஒன்பது வருஷமாக ஒரு சேதியும் போகவில்லை."

"அவங்க எப்படி நம்புவாங்க?"

ரமோன் கொஞ்சம் யோசித்தார். அவர்கள் ஊரில் ஒரு பழத்தைச் சர்க்கரையில் காய்ச்சி அல்வா மாதிரி கட்டியாக்கி வைப்பார்களாம். விருந்துக்கு வைத்திருந்த அந்தப் பழப்பாகைச் சின்ன வயதில் அவர் தின்றுவிட, வீட்டு நாய் அடி வாங்கியதாம். "அதைத் தின்றது நாய் இல்லை, நான்தான் என்று சொல். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அம்மாவுக்கு அப்போதே தெரியும்."

துறைமுகக் கோவில் சாமியாரிடம் போய், நான் இந்தியாவிலிருந்து வந்த கத்தோலிக்கன், மலைமேல் உள்ள மாதா கோவிலைப் பார்க்க ஆசை என்று கேட்டு ஒரு சீட்டு வாங்கினேன். சைக்கிள் ஒரு கிடங்குக் காவலாளியுடையது. ஒரு டப்பா காப்பித்தூளைக் கையில் வைத்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காப்பிக்கு அழும் வெள்ளைக்காரரை அன்றுதான் பார்த்தேன். சைக்கிளின் பின் டயரில் டியூப் இல்லை. உள்ளே கோரைப்புல் கயிற்றைத் திணித்துத் தைத்திருந்தார்கள். ஓட்டினால் கட்டை வண்டி போலக் குதித்தது.

முதல் நாள் முழுக்கச் சமதரை. இரண்டு பக்கமும் ஆரஞ்சு மரங்கள். ஒரே மரத்தில் பூவும் இருந்தது, பழமும் இருந்தது. வாசனையில் தலை கிறுகிறுத்தது. மரங்களுக்கு நடுவே வாய்க்கால், ஒவ்வொரு பாத்திக்கும் முறை வைத்துத் தண்ணீர். எங்கள் பக்கத்து ஏரிப் பாசனம் போலவே மடை திறப்பதற்குச் சண்டையும் இருந்தது. இரண்டு பேர் மண்வெட்டியோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் அது எதற்கான சண்டை என்று அவலூர்பேட்டை ஆள் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

ரோட்டில் மோட்டார் வண்டி கிடையாது. கோவேறு கழுதை வண்டிகள் மட்டும். அப்படி ஒரு வண்டியிலிருந்து ஆரஞ்சுத் தோல் மூட்டை ஒன்று சரிந்து விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து அந்தத் தோலைப் பொறுக்கினார்கள். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். அங்கேயே நின்று தின்றார்கள். தலைமயிர் பொன் நிறம், காலில் செருப்பு இல்லை.

சைக்கிளை நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரர்கள் யார்? ஜீப்பில் வரும் கலெக்டர், குதிரை மேல் வரும் துரை, எங்கள் கோவில் பிரெஞ்சுச் சாமியார், கப்பல் கேப்டன். வெள்ளைக்காரனுக்குப் பசிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யுத்தக் காலத்தில் ரேஷன் கேழ்வரகுக்கு விடியற்காலையிலிருந்து நின்றவன் நான். அந்தப் பிள்ளைகள் நின்ற நிற்பு எனக்குத் தெரிந்த நிற்புதான்.

தோப்புகளுக்கு நடுவே முதல் ஊர் வந்தது. ஊர் வாசலில் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். கதவருகே பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள்.

"டயர் போய்விட்டதா?"

"இல்லை."

"பின் ஏன் நடக்கிறாய்?"

செஞ்சிப் பக்கம் எங்கள் தெருக்காரன் ஊர்த்தெரு வழியே சைக்கிளில் ஏறிப் போனால் இறக்கிவைத்து அடிப்பார்கள். இறங்கித் தள்ளுவது காலுக்கே பழகிப்போயிருந்தது. கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்தும் கால் இறங்கிக்கொண்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறி ஓட்டினேன். ஓட்டும்போது முதுகு கூசியது.

அன்று தங்கிய சத்திரத்தில் கறுப்பு ரொட்டியும் பீன்ஸ் கஞ்சியும் கொடுத்தார்கள். ரொட்டி இனித்தது. என்ன மாவு என்று கேட்டேன். வாசலில் நின்ற மரத்தைக் காட்டினார்கள். தூங்குமூஞ்சி மரத்துக் காய் போலக் கறுத்துத் தொங்கும் காய். கழுதைக்குப் போடுவதாம். "கழுதைக்கு இப்போது கிடைப்பதில்லை" என்றார் சத்திரக்காரர். பக்கத்தில் இரண்டு கிழவர்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இவன் மோரோ." "இல்லை, மோரோ சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிடமாட்டான்." மோரோ என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் மலை. ஆரஞ்சு நின்றுபோய் ஒலிவ மரமும் வாதுமை மரமும் தொடங்கின. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல்லை அடுக்கிக் கரை கட்டி, படிக்கு நாலு மரம் வைத்திருந்தார்கள். தூரத்தில் ஒரு குன்றின் மேல் இடிந்த கோட்டை தெரிந்தது. செஞ்சி ராஜகிரிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கோட்டை ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் எங்கள் கோட்டையில் எப்போதோ நடந்த சண்டையைச் சொல்வார்கள். இந்தக் கோட்டைச் சுவரில் இருந்த குண்டுத் துளைகள் புதியவை. ஓரம்கூட மழுங்கவில்லை.

ஏற்றத்தில் பாதி தூரம் தள்ளித்தான் போனேன். மதியத்தில் பின் டயர் பிரிந்து, உள்ளே இருந்த புல்கயிறு பாம்பு போல ரோட்டில் நீண்டது. கயிறு நைந்துபோயிருந்தது. கேட்டு வாங்கலாம் என்று ரோட்டோரப் பண்ணைவீட்டுக் கதவைத் தட்டினேன். கதவில் குறுக்குச் சட்டம் அறைந்திருந்தது. அடுத்த வீடும் அப்படித்தான். அதற்கடுத்ததும். முற்றத்தில் கோழிக்கூடு திறந்து கிடந்தது, கொடியில் ஒரு குழந்தைச் சட்டை வெளுத்துத் தொங்கியது. ஆட்கள் எங்கே என்று புரியவில்லை. ஒரு தொழுவத்தில் கிடைத்த பழைய கயிற்றைத் திணித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

துப்பாக்கியோடு இரண்டு காவல்காரர்கள். கையைத் தூக்கினேன். ஒருவர் பெரியவர், மீசை நரைத்தவர். மற்றவர் என் வயது. சாமியார் சீட்டைப் பெரியவர் இரண்டு தரம் படித்தார்.

"கத்தோலிக்கனா? இந்தியாவிலா? எங்கே, ஜெபம் சொல்லு."

எங்கள் கோவிலில் பூசைக்கு உதவி செய்து பழகியவன் நான். லத்தீனில் பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன். பாதியில் தடுமாறியபோது பெரியவரே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் மூன்று பேரும் ஆமென் சொன்னோம். அப்போதும் இளையவரின் துப்பாக்கி என் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த வீட்டுக்காரங்க எங்கே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"காலி பண்ணச் சொன்னோம், பண்ணிட்டாங்க" என்றார் பெரியவர். "சண்டையில் தோற்று மலைக்காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்கு ரொட்டி போகக் கூடாது பார்." ஊர்த்திருவிழாப் பந்தலைப் பிரித்ததைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். என் மூட்டையில் இருந்த இன்னொரு காப்பி டப்பாவை எடுத்துக்கொண்டு, "கடவுள் துணையிருப்பார்" என்று வழியனுப்பினார்கள்.

அன்று மலைமேல் மாதா கோவில் வாசலில் படுத்தேன். சாமியாரிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று ஒரு ஜெபமாலையும் சொன்னேன். சொல்லும்போது அந்தக் குழந்தைச் சட்டைதான் கண்ணில் நின்றது.

மூன்றாம் நாள் காலை ரமோன் ஊர். முதலில் வந்தது கல்லறைத் தோட்டம். ஒரு கிழவர் தகர வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஒரு கல்லறை மேல் வைத்திருந்த செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். குனிந்து களை பிடுங்கினார், மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினார். என்னைப் பார்த்ததும் பயப்படாமல் சிரித்தார். மரச்சிலுவையைக் காட்டினார்.

"என் பையன்" என்றார். "ரமோன்."

சிலுவையில் எழுதியிருந்த முழுப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கிளம்பும்போது ரமோன் சொல்லி அனுப்பிய அதே பெயர். அதே குடும்பப் பெயர். எழுதியிருந்த தேதிப்படி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் இந்த மண்ணுக்குள் எப்படி இருப்பார்? சுற்றிலும் யாரும் இல்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.

"ஐயா, ரமோன் சாகலை. உயிரோட இருக்கார். என்னோட கப்பல்ல இருக்கார்."

கிழவர் தலையாட்டினார். "ஆமாம், ஆமாம். நல்ல பையன்" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. அவருக்குக் காது கேட்காது. நான் சொன்ன வார்த்தை காற்றோடு போனது.

அவர் என் கையைப் பிடித்து, வா, சாப்பிடலாம் என்று சைகை செய்து ஊருக்குள் அழைத்துப் போனார். வழியில் துணி துவைக்கிற தொட்டி. பத்துப் பெண்கள் இருப்பார்கள். ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மோரோ!" என்று ஒரு கூச்சல். ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தடதடவென்று கதவுகள் சாத்தும் சத்தம் தெருக்கோடிவரை போனது.

எங்கள் ஊரிலும் என்னைக் கண்டு விலகுவார்கள். தீட்டு ஒட்டிவிடும் என்று விலகுவார்கள். ஆனால் என்னைப் பார்த்துப் பயந்து ஒருவரும் ஓடியதில்லை. ஓடிய பெண்களில் ஒருத்தி நிறைமாதக்காரி. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து, நான் அப்படி என்ன செய்தேன் என்று நடுத்தெருவில் கேட்க வேண்டும் போலிருந்தது. கிழவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சிரித்தபடியே இழுத்துக்கொண்டு போனார்.

ரமோனின் அம்மா கறுப்பு உடையில் இருந்தார். சின்ன உருவம், பெரிய கைகள். கணவர் ஒரு கறுப்பு மனிதனைக் கூட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். நான் கழுத்துச் சிலுவையை எடுத்துக் காட்டினேன். காட்டிவிட்டு, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"விருந்துக்கு வெச்சிருந்த பழப்பாகைத் தின்னது நாய் இல்லை."

அவர் கத்தியை வைத்துவிட்டுப் போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்போட்டார். ஜன்னலையும் சாத்தினார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

"நீயும் சிரி" என்றார். "சிரிச்சுக்கிட்டே பேசு. அவருக்குக் காது கேக்காது. முகத்தைப் படிப்பார்."

கிழவர் மேஜையில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் கஞ்சி ஊற்றினார் அம்மா.

"எந்தக் கால்?" என்றார்.

புரிந்தது. கப்பல் சமையலறைச் சூட்டில் ரமோன் வெறுங்காலோடுதான் நிற்பார். "இடது கால். ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் ஒட்டியிருக்கும்."

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. உடனே ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். நான் இடையில் இரண்டு மூன்று இடத்தில் புரியாமல் கேட்டேன். அவர் திரும்பவும் சொன்னார். எல்லாம் சிரித்த முகத்தோடு.

"சண்டை முடிஞ்சதிலிருந்து வாரம் தவறாம வியாழக்கிழமை இவரைக் கூட்டிட்டுப் போவாங்க. மகன் எங்கேன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொல்வார். நிஜமாவே தெரியாது. காதுல அடிச்சு அடிச்சுத்தான் காது போச்சு. அடுத்து உயிர் போயிடும்னு எனக்குத் தெரிஞ்சது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு புதன்கிழமை, மலையில சுட்ட மூணு பேரைக் கழுதை மேல போட்டுக் கொண்டுவந்து கோவில் வாசல்ல கிடத்தினாங்க. யார் பிள்ளைன்னு வந்து சொல்லணும்னு தண்டோரா போட்டாங்க. ஒருத்தரும் வாய் திறக்கலை. ஒரு பையனுக்கு முகமே இல்லை. உசரம் என் பையன் உசரம். நான் குனிஞ்சு காலைப் பார்த்தேன். ஒரு கால்ல ஒண்ணுமில்லை, ஒரு கால்ல காலுறை. அதைக் கழட்டினேன். பத்து விரலும் தனித்தனியா இருந்தது."

கத்தி நின்றது.

"இவன் என் மகன்னு கத்தினேன். மேல விழுந்து அழுதேன். அழுகை நிஜமாவே வந்தது. மறுநாள் வியாழக்கிழமை. இவரைக் கூப்பிட வரலை. அப்புறம் வரவே இல்லை."

நான் சிரிப்பை விடாமலே கேட்டேன். "இவருக்குத் தெரியாதா?"

"தெரியாது. இவருக்குப் பொய் சொல்ல வராது. முகம் காட்டிக்கொடுத்துடும். தினமும் அந்தப் பையனுக்குத் தண்ணி ஊத்தப் போறார். போகட்டும்."

கிழவர் ஏதோ கேட்டார். நான் எந்த நாடு என்று கேட்கிறார் என்றார் அம்மா. இந்தியா என்று வாயை அகலத் திறந்து சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தன் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். அந்த ஊரில் அந்தக் காலத்தில் பாதி ரொட்டி என்பது என்ன என்று இரண்டு நாளாகப் பார்த்திருந்தேன். தின்னவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. தின்றேன்.

தெருப்பெண்கள் ஏன் ஓடினார்கள் என்று அப்போதுதான் கேட்டேன். அந்தச் சண்டையில் ஜெயித்த பக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து கறுத்த சிப்பாய்களைக் கொண்டுவந்ததாம். அவர்கள்தான் மோரோ. "அவங்க ஊருக்குள்ள வந்த மூணு நாளைப் பத்தி இங்க யாரும் பேசமாட்டோம்" என்றார் அம்மா. "நீ கோவிச்சுக்காதே."

வெளியூர் ஆள் வந்திருப்பது அதற்குள் காவல்காரர்கள் காதுக்குப் போயிருக்கும், உடனே கிளம்பு என்றார். அலமாரியின் அடியிலிருந்து துணிச்சுருள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, ஒற்றை. குதிகால் கிழிசலைப் பழுப்பு நூலால் யாரோ அடைத்திருந்தார்கள். பாய் முடைவது போல நெருக்கமான தையல். ஓரத்தில் மட்டும் நூல் இரட்டையாகப் போயிருந்தது.

"இப்படி ஓரத்தை இரட்டையாப் போடற பழக்கம் இந்தப் பக்கத்துல யாருக்கும் கிடையாது. தச்சவ பார்த்தா ஆயிரத்துலயும் கண்டுபிடிச்சிடுவா. தன் தையல் தனக்குத் தெரியாதா? ரமோன்கிட்ட கொடு. தப்பிச்சுப்போன நம்ம ஜனங்க எந்தத் துறைமுகத்துல இருந்தாலும் காட்டச் சொல்லு. இந்தப் பையனோட அம்மா எங்கேயோ உக்காந்து, அவன் வருவான் வருவான்னு பார்த்துக்கிட்டிருப்பா, நான் பார்த்த மாதிரி."

"ரமோன்கிட்ட வேற என்ன சொல்லட்டும்?"

"அவனை இங்க கொன்னது நான்தான்னு சொல்லு. வரக் கூடாது. நான் செத்தாலும் வரக் கூடாது. வந்தா நான் பொய் சொன்னது தெரிஞ்சுடும், மறுபடியும் வியாழக்கிழமை ஆரம்பிச்சிடும்."

காலுறையை மூட்டையில் வைக்கப் போனேன். அவர் பிடுங்கிக்கொண்டார். "ஒத்தைக் காலுறையை எவன் மூட்டைல கொண்டு போவான்? பார்த்தா கேப்பாங்க. போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். செத்தவர் துணியை எங்கள் தெருக்காரர்களுக்குத்தான் கொடுப்பார்கள். நைனா அப்படி வந்த வேட்டியைக் கட்டியிருக்கிறார், நானும் கட்டியிருக்கிறேன். அதெல்லாம் யார் எவர் என்று தெரிந்த கிழவர்களின் துணி. இது சுடப்பட்டவன் காலிலிருந்து கழற்றியது. கம்பளியைக் கெண்டைக்கால்வரை இழுத்துவிட்டேன். மற்றக் காலுக்குக் கிழவரின் பழைய காலுறை ஒன்றை அம்மா கொடுத்தார்.

கிழவர் வாசல்வரை வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். டயரை அழுத்திப் பார்த்தார். மூடிக்கிடந்த கதவுகளுக்கு நடுவே ஏறி ஓட்டினேன்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வாதுமைப் படிகளும் ஒலிவ மரங்களும் கண்ணுக்குத் தெரியாமல் பறந்தன. ஒரு வளைவில் அதே இரண்டு காவல்காரர்கள் கை காட்டினார்கள். நிறுத்த முடியாமல் ரோட்டோரக் கல்கரையில் மோதி விழுந்தேன். முழங்கால் பிய்ந்தது. பெரியவர் ஓடிவந்து தூக்கினார்.

"ஊருக்குள்ளே போனாயாமே?"

"பசிச்சுது. ஒரு காது கேக்காத தாத்தா கூட்டிட்டுப் போய்க் கஞ்சி கொடுத்தார்."

"அந்தக் கிழவர்தான். பாவம், மகன் செத்ததிலிருந்து எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிடுகிறார்." பெரியவர் குந்தி உட்கார்ந்து என் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் ஏற்றினார். தன் குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவினார். ரத்தம் வழிந்து காலுறைக்குள் போனது. அதைக் கீழே உருட்டிவிட்டுத் துடைத்தார். சாம்பல் கம்பளி அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது.

"ஒரு கால் சாம்பல், ஒரு கால் கறுப்பு" என்று இளையவர் சிரித்தார்.

"ஏழைதானே" என்றார் பெரியவர். காலுறையை மறுபடியும் மேலே இழுத்துவிட்டார். மூன்று பேரைக் கழுதை மேல் போட்டுக் கொண்டுவந்தவர்களில் அவரும் இருந்தாரா, தெரியாது. இருந்திருக்கலாம். அந்தக் கைகள் அவ்வளவு பதமாகக் காயத்தைத் துடைத்ததுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் கப்பல் சேர்ந்தேன். ரமோன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு ஒன்று விடாமல் சொன்னேன். கல்லறை, வியாழக்கிழமை, கழுதை, பத்து விரல், கொன்றது நான்தான் என்று அவர் அம்மா சொன்னது எல்லாம். நான் காலுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். என் ரத்தம் அதில் காய்ந்திருந்தது.

ரமோன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அப்பா அந்தக் கல்லறைக்கு என்ன செய்கிறார்?"

"தண்ணி ஊத்தறார். களை பிடுங்கறார். நல்ல பையன்னு சொன்னார்."

ரமோன் ஒரே ஒரு தரம் சிரித்தார். "நான் கூட இருந்தவரைக்கும் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை" என்றார். பிறகு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் உருளைக்கிழங்கைச் சீவினேன். கேப்டனுக்குச் சாப்பாடு நேரமாகிவிட்டிருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு துறைமுகத்திலும் ரமோன் கரையில் இறங்கினார். அவர்கள் ஜனங்கள் கூடுகிற காப்பிக்கடை, தையற்கூடம், வாடகை வீடு என்று தேடிப் போவார். மார்செயில் காட்டினோம், காஸாபிளாங்காவில் காட்டினோம். பெண்கள் காலுறையை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். என் தையல் இல்லை என்று திருப்பிக் கொடுப்பார்கள். கொடுக்கும்போது சிலருக்கு முகத்தில் நிம்மதி இருக்கும். சிலருக்கு அது இருக்காது. நான் கப்பலை விட்டுச் செஞ்சிக்கு வரும்வரை ஒருவரும் அதைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. ரமோன் இன்னும் வைத்திருக்கிறார்.

ஓரான் துறைமுகத்தில் பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மீன் வலை பின்னுகிற வேலை. காலுறையை வாங்கி, குதிகால் தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஓரத்து இரட்டை நூலை நகத்தால் எண்ணினார். "என் தையல் இல்லை" என்றார். ரமோன் கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

"என் பையனும் மலைக்குத்தான் போனான்" என்றார். "ஒரு சேதியும் இல்லை. இது அவனுடையது இல்லைதான். நாளைக்குக் காலை வரைக்கும் நான் வைத்துக்கொள்ளட்டுமா?"

மறுநாள் கப்பல் கிளம்புவதற்கு முன்னால் துறைமுகத்துக்கே வந்து ரமோன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். என் ரத்தக்கறை போகத் துவைத்திருந்தார். கம்பளி இன்னும் காயவில்லை.